கரும்பும் ஒன்பது மில்லிமீட்டரும்

என்னைச் சுட்டவர் எங்கள் தமிழ்ப் பள்ளியின் இரண்டாம் நிலை ஆசிரியை. சுடப்பட்ட நான் அதே பள்ளியில் நான்காம் நிலைக்குப் பாடம் எடுப்பவன். டெக்சஸில் ஒரு மனிதன் குண்டடி படுவதற்குக் கௌரவமான வழிகள் எத்தனையோ இருக்கின்றன. ஃப்ரீவேயில் யாரையாவது பார்த்து ஹாரன் அடிக்கலாம். வழி தெரியாமல் அடுத்தவர் வீட்டு டிரைவ்வேயில் காரைத் திருப்பலாம். நான் பொங்கல் விழாவுக்குக் கரும்பு தூக்கிக்கொண்டு போய்ப் பட்டேன்.

இதைச் சொல்ல ஆரம்பித்தால் எல்லோரும் முதலில் சிரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வந்த நாளிலிருந்து இந்த ஊர்த் தமிழர்களைச் சிரிக்கவைப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன். சம்பளம் மட்டும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தருகிறது. விழா என்றால் மைக் என் கையில். நாடகம் என்றால் திருடன் வேஷம் எனக்கு. என் முகத்துக்கு மேக்கப் செலவு மிச்சம் என்பது விழாக் குழுவின் கருத்து.

டாலஸுக்கு வடக்கே உள்ள எங்கள் ஊரில், ஒரு சர்ச்சின் வகுப்பறைக் கட்டடத்தை ஞாயிறு மதியங்களில் வாடகைக்கு எடுத்துப் பள்ளி நடத்துகிறோம். வார நாட்களில் கோட் எழுதுபவர்களும் பல் பிடுங்குபவர்களும் ஞாயிற்றுக்கிழமை வாத்தியார்கள். பிள்ளைகள் தமிழில் கேட்டதற்கு இங்கிலீஷில் பதில் சொல்வார்கள். நாங்கள் அந்த இங்கிலீஷுக்குத் தமிழில் திட்டுவோம். என் மகளுக்கு எட்டு வயது. இரண்டாம் நிலையில், டாக்டர் அக்காவின் வகுப்பில் படிக்கிறாள்.

டாக்டர் அக்காதான் என்னைச் சுட்டவர். தூத்துக்குடிக்காரர், ஐம்பதைத் தொட்டவர். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் எமர்ஜென்சியில் டாக்டர். பள்ளியில் அத்தனை பேருக்கும், அவரைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவர் அக்காதான்.

துப்பாக்கி எங்கள் பள்ளிக்குள் வந்தது ஒரு பொதுக்கூட்டத்தில், ஓட்டுப் போட்டு. அந்த வாரம் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பள்ளிக்குள் புகுந்து குழந்தைகளைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறுகிறது. சர்ச்சிலேயே அவர்களுடைய ஆராதனை நேரத்தில் துப்பாக்கியோடு ஆட்கள் நிற்பார்கள். உங்கள் நேரத்தில் உங்கள் ஆசிரியர்கள் வைத்துக்கொள்வதும் வைத்துக்கொள்ளாததும் உங்கள் விருப்பம் என்று சர்ச்காரர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் பள்ளித் தலைவர் கோயம்புத்தூர்க்காரர், மரியாதையானவர். "லைசென்ஸ் இருக்கிற ஆசிரியருங்க ரெண்டு பேரு வெச்சுக்கட்டுமுங்க. நாம யாரையும் சுடப் போறதில்லீங்க. ஒரு இது… இன்சூரன்ஸ் மாதிரிதானுங்க" என்றார்.

எதிர்த்துப் பேச எழுந்தவன் நான். "நம்ம ஸ்கூல்ல ஒரு புரொஜெக்டரை ஆன் பண்ணணும்னா மூணு சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் வேணும். அப்பவும் ஆன் ஆகாது. நாளைக்கு ஒருத்தன் உள்ள வர்றான்னு வைங்க. நம்ம வாத்தியார் துப்பாக்கிய எடுப்பாரு. சுடாது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கன்னு இன்னொருத்தர் சொல்லுவாரு. அதுக்குள்ள வந்தவன் போரடிச்சுக் கிளம்பிடுவான். ஒரு வகையில அதுவும் பாதுகாப்புதான்!" கூட்டம் குலுங்கிச் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஓட்டெடுப்பில் நாங்கள் தோற்றோம். எனக்குக் கிடைத்த கைதட்டலில் பாதி ஓட்டாக மாறியிருந்தால் ஜெயித்திருப்போம்.

சாப்பாட்டு வரிசையில் டாக்டர் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லா சிரிச்சேன் தம்பி. ஓட்டை அந்தப் பக்கம் போட்டுட்டேன்."

"ஏன்க்கா? என் ஜோக் அவ்வளவு மோசமா?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குண்டு பட்ட பிள்ளைக எங்கிட்டதான வருது. உள்ள போன ஓட்டை பட்டாணி அளவுதான் இருக்கும். முதுகுப் பக்கம் திருப்பினா முதுகே இருக்காது. எல்லாம் முடிஞ்சப்புறம் கத்தரிக்கோலை வெச்சிட்டு நிக்கேன் நான். ஒரு தடவையாவது அதுக்கு முன்னாடி நிக்கணும்னு இருக்குல்லா?"

இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டேன்.

அந்த இரண்டு ஆசிரியர்களில் ஒருவராக அவரே பெயர் கொடுத்தார். சனிக்கிழமைகளில் சுடும் பயிற்சிக்குப் போனார். ஒரு தடவை வேடிக்கை பார்க்க நானும் போனேன். காதில் மூடியை மாட்டியும் ஒவ்வொரு வெடிக்கும் நான் ஓரடி பின்னால் போனேன். தூரத்தில் காகித மனிதன் ஒருவன் தொங்கினான். முகம் கிடையாது, தோளும் நெஞ்சும் மட்டும். அக்கா அவன் நெஞ்சில் ஓட்டை போட்டுக்கொண்டே இருந்தார். என் கையில் ஒரு முறை கொடுத்தார்கள். நான் சுட்டது பக்கத்து ஆளின் காகித மனிதன் தோளில் பட்டது. "நீங்க நாலாம் நிலைக்கே பாடம் எடுங்க" என்றார் அக்கா. புடவைக்குள் அந்த ஒன்பது மில்லிமீட்டர் துப்பாக்கியை வைக்க வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான பெல்ட் வாங்கியிருந்தார். பட்டுப் புடவை கட்டினால் மட்டும் கொசுவம் கொஞ்சம் தூக்குகிறது என்று என் மனைவியிடம் குறைப்பட்டாராம்.

பொங்கல் விழா ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கி, நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட், நம்மூர்க் கணக்கில் நாலு. உள்ளூர்க்காரர்கள் அரை டிராயரோடு நாயை நடத்திக்கொண்டு போனார்கள். நான் சென்னையில் பிறந்தவன். காதுக்குள் காற்று போனால் உயிரே போய்விடும் என்று பாலோடு சேர்த்து ஊட்டி வளர்க்கப்பட்டவன். கறுப்புக் குரங்குக் குல்லாயை எடுத்து மாட்டினேன். கண்ணும் மூக்கு நுனியும் தவிர எல்லாம் மூடும் ரகம். மேலே கறுப்பு ஜாக்கெட், கீழே கறுப்பு டிராக் பேன்ட்.

"வேட்டி கட்டிட்டுப் போங்களேன். விழாவுக்குப் போற லட்சணமா இது?" என்றாள் மனைவி.

"அங்க போய்க் கட்டிக்கிறேன். இந்தக் காத்துல வேட்டியோட இறங்கினா விழாவுக்குப் போய்ச் சேர மாட்டேன்." வேட்டியை மடித்து ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

மகளும் மனைவியும் முன்னாடியே இன்னொரு காரில் போய்விட்டார்கள். கரும்பு வாங்கி வருவது என் பொறுப்பு. இந்தியன் கடையில் கரும்பைப் பாதியாக வெட்டி, சாறு சீட்டில் ஒழுகாமல் இருக்கக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி, நடுவில் டேப் ஒட்டிக் கொடுத்தார்கள். முன்வாசலில் பெயர் பார்த்து உள்ளே விட ஆள் உட்கார்ந்திருப்பார். ஆனால் பார்க்கிங்கிலிருந்து பின்கதவுதான் பக்கம். பூட்டித்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் எங்கள் ஆட்கள் விழா நாளில் பொங்கல் பானையும் வடைத் தட்டும் தூக்கிப் போய் வர வசதியாக அதன் இடுக்கில் ஒரு கல்லை வைத்திருப்பார்கள். துப்பாக்கிக்கு ஓட்டுப் போட்ட அதே கூட்டம்தான் கல்லையும் வைத்தது. வடை உள்ளே போயாக வேண்டும் அல்லவா?

கரும்புக் கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் கதவைக் காலால் உதைத்தேன். அது சுவரில் போய் மோதி 'டமார்' என்றது. உள்ளே நீளமான நடைபாதை. மறுகோடியில் இரண்டாம் நிலைப் பிள்ளைகள் பட்டுப்பாவாடையும் குட்டி வேட்டியுமாக, கோலப் போட்டிக்குப் போக வரிசையில் நின்றார்கள். முன்னால் டாக்டர் அக்கா, மாம்பழக் கலர்ப் பட்டில்.

அந்தக் காட்சியைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. குல்லாய்க்குள்ளிருந்து, போன வருஷ நாடகத்தின் திருடன் குரலில், "ஒருத்தரும் நகரக் கூடாது!" என்று கத்தினேன்.

பிள்ளைகள் வீல் என்று அலறினார்கள். அலறல் நன்றாகத்தான் வருகிறது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அக்கா குனிந்து புடவையைச் சரிசெய்வது போல இருந்தது.

சத்தம் கேட்டதா வலித்ததா, எது முதல் என்று இன்னும் தெரியவில்லை. யாரோ கடப்பாரையைப் பழுக்கக் காய்ச்சி இடது தொடையில் இறக்கியது போல இருந்தது. கால் என்னைக் கேட்காமல் மடங்கியது. இன்னொரு வெடி. சுவரிலிருந்து வெள்ளைத் தூள் பறந்து என் கண்ணில் விழுந்தது. கரும்பு மேல் விழுந்தேன். தலை தரையில் மோதியது. காதுக்குள் ஒரே ரீங்காரம். அதற்கப்பால் எங்கோ தண்ணீருக்கடியில் குழந்தைகள் அழுதார்கள். கையைத் தொடையில் வைத்தேன். வெந்நீர்க் குழாயில் கை வைத்தது போல ரத்தம் விரல்களுக்கிடையே பீறிட்டது. எலும்பா கரும்பா, ஏதோ நொறுங்கும் சத்தம் எனக்குள் கேட்டது.

மாம்பழக் கலர் என்னை நோக்கி ஓடி வந்தது. துப்பாக்கி நேராக என் முகத்துக்கு. அதன் வாய் பெரிதாக இருந்தது, உள்ளே இருட்டு. நான் ஏதோ சொல்ல முயன்றேன். என் வாழ்நாளில் முதல் முறையாகச் சத்தம் வரவில்லை. அக்கா காலால் கரும்புக் கட்டை உதைத்துத் தள்ளினார். டேப் பிரிந்து, கறுப்புப் பைக்குள்ளிருந்து ஊதா நிறத்தில் ஒரு கணு எட்டிப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார். குனிந்து என் குல்லாயைப் பிடித்து இழுத்தார்.

ஒரு மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

அடுத்த நொடி துப்பாக்கி எங்கேயோ போய்விட்டது. அவர் முழங்கால் என் இடுப்போரத்தில் முழு எடையோடு இறங்கியது. இந்தத் தடவை நான் கத்தினேன். "கத்து. நல்லாக் கத்து. கண்ண மட்டும் மூடாத. என்னப் பாரு" என்றார். கை என் பைக்குள் போய் வேட்டியை உருவியது. ஜரிகையோடு அதைச் சுருட்டி, காயத்துக்குள், ஆமாம், உள்ளே, விரலால் திணித்தார். தலையணைக்குப் பஞ்சு அடைப்பது போல. நான் தரையை நகத்தால் பிறாண்டினேன். "நீயா… நீயா… ஏம்ல இத மாட்டிட்டு வந்த…" என்று அவர் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது; கை நிற்கவில்லை. மாம்பழக் கலர் முந்தானை முழங்கை வரை சிவப்பாகியிருந்தது.

அவர் தோளுக்கு மேலே, வரிசை கலைந்த பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக் கிடந்தார்கள். ஒரே ஒரு பிள்ளை மட்டும் எழுந்து நின்று என் முகத்தையே பார்த்தது. என் மகள். அவள் அழவில்லை.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது காலுக்குள் ஒரு கம்பி இருந்தது. பெரிய ரத்தக் குழாய்க்கு ஒரு மயிரிழைப் பக்கத்தில் குண்டு போயிருக்கிறது என்றார்கள். எலும்பு மட்டும் உடைந்துவிட்டது. மனைவி கட்டிலோரம் நின்று, "வேட்டி கட்டிட்டுப் போன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள். பிறகு பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

போலீஸ் டிடெக்டிவ் ஒருவர் வந்தார். மாஸ்க் ஏன் போட்டீர்கள் என்றார். மாஸ்க் இல்லை, குளிருக்கு என்றேன். ஜன்னலைப் பார்த்தார், வெளியே வெயில். அன்றைக்கு நாற்பது டிகிரிதானே என்றார். காது வழியாகக் காற்று உள்ளே போகும் அபாயம் பற்றி, மார்ஃபின் மயக்கத்தில், அவருக்கு விளக்கமாக ஒரு வகுப்பு எடுத்தேன். அவர் எழுதிக்கொள்வதை நடுவிலேயே நிறுத்திவிட்டார். வழக்கு எதுவும் வரவில்லை. முகம் மூடி, கதவை உடைப்பது போல உதைத்து, கையில் நீளமாக எதையோ பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நகராதே என்று கத்தியவன் நான். சட்டப்படி பார்த்தால் என்னை விட்டுவைத்ததே பெரிய விஷயம் போலிருந்தது.

எங்கள் ஆட்களும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகு புரிந்தது. பழக்கூடையோடு வந்த தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப வருத்தமுங்க. ஆனா ஒண்ணு பாத்தீங்களா? கதவு தொறந்து மூணு நாலு செகண்டு. பசங்க மேல ஒரு கீறல் இல்ல. சிஸ்டம் வொர்க் ஆகுதுங்க!"

"சிஸ்டம் வேலை செஞ்சது என் மேலங்க."

"அதத்தான் சொல்றேன். நீங்க நம்மாளு. நெசமாவே ஒருத்தன் வந்திருந்தா?"

"நான் தமிழ்லதானே கத்தினேன்?"

"தமிழ் பேசுறவன் சுட மாட்டான்னு எங்கீங்க சட்டம் இருக்கு?"

நியாயம்தான். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் ஒரு கதை வளர்ந்திருந்தது. வந்தது யார் என்று நிச்சயமில்லாததால் டாக்டர் வேண்டுமென்றே காலைப் பார்த்துச் சுட்டாராம். என்ன நிதானம், என்ன குறி! கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. எனக்கும் சில கும்பிடு விழுந்தது. ஒரு நல்ல டெமோவுக்கு ஒத்துழைத்ததற்காக இருக்கும்.

அக்கா மட்டும் வரவில்லை. ஆனால் சாயங்காலமானால் காலிங் பெல் அடிக்கும். கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு ஃபிளாஸ்க் இருக்கும். தெருமுனையில் அவர் கார் திரும்பிக்கொண்டிருக்கும். ஃபிளாஸ்க்கில் ஆட்டுக்கால் சூப். கால் போனவனுக்குக் கால். மிளகு தூக்கலாக, தூத்துக்குடிப் பக்குவத்தில். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

மகளும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. பள்ளி விட்டு வந்ததும் என் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அவள்பாட்டுக்குப் புத்தகம் படிப்பாள். ஜோக் சொன்னால் சிரிக்கவும் செய்வாள். ஆனால் நான் கழிவறைக்குப் போக வாக்கரைத் தட்டும்போது தோள் ஒரு தூக்கு தூக்கிப் போடும். கடையில் யாராவது பின்னாலிருந்து வந்தால் அம்மாவின் கையை நகம் பதியப் பிடிக்கிறாளாம். அவளுக்காகவாவது அந்தத் துப்பாக்கிகள் பள்ளியைவிட்டுப் போக வேண்டும் என்று முடிவுசெய்தேன். அவளைக் கேட்காமலே.

வசந்த காலத்தில் அடுத்த பொதுக்கூட்டம். தலைவரின் தீர்மானம்: துப்பாக்கி வைத்திருக்கும் ஆசிரியர்களை நான்கு பேராக்குவது, பின்கதவுக்கும் ஒருவர். நான் ஊன்றுகோலோடு எழுந்தேன். எழுந்ததுமே முன்வரிசையில் முகங்கள் மலர்ந்தன. என்ன சொல்லப் போகிறானோ என்று சிலர் இப்போதே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எனக்கு வலிச்சுது" என்றேன்.

சிரித்தார்கள்.

"நெஜமா. என் ரத்தம் எவ்வளவு சூடா இருக்கும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது."

பின்வரிசையும் சிரித்தது. ஒருவர், "டெம்பரேச்சர் செக் பண்ணீங்களாண்ணே?" என்று எடுத்துக் கொடுத்தார். கைதட்டினார்கள். நான் அழுதிருந்தால்கூட என்ன நடிப்பு என்றிருப்பார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்கும் ஒருவர் சிரித்தார்.

அப்போது கதவுப் பக்கத்திலிருந்து டாக்டர் அக்கா நடந்து வந்தார். வந்திருக்கிறார் என்பதே அப்போதுதான் தெரிந்தது. மெலிந்திருந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"நான் காலப் பாத்துச் சுடல" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"நெஞ்சத்தான் பாத்தேன். ரெண்டு தடவையும் நெஞ்சத்தான். அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, அப்படித்தான் பழகினேன். எமர்ஜென்சியில எத்தன ரத்தம் பாத்தாலும் எனக்குக் கை நடுங்காது. அன்னைக்கு நடுங்கிச்சு. அதனாலதான் இந்தத் தம்பி இங்க நிக்காரு. நல்லாச் சுடத் தெரிஞ்சவ நின்னிருந்தா இவரு செத்திருப்பாரு, நீங்க எல்லாரும் இறுதிச் சடங்குக்கு வந்திருப்பீங்க."

தலைவர் மெதுவாக, "அக்கா, அது வந்துங்க…" என்றார்.

"இருங்க. ரெண்டாவது குண்டு எங்க போச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? சுவத்துல போச்சு. அந்தச் சுவரு என்ன சுவரு? அட்டை. அந்தப் பக்கம் மழலை வகுப்பு. பிள்ளைக பாயில உக்காந்து பாடிட்டு இருந்தாங்க. உக்காந்திருந்தாங்க, அதனால தலைக்கு மேல போச்சு. எந்திரிச்சு நின்னு பாடியிருந்தா?" இடது கையை இடுப்புக்குச் சற்று மேலே வைத்துக் காட்டினார். "இந்த உயரம். மறுநாளே போய்ப் பாத்தேன். அதுக்குள்ள பூசிட்டாங்க. விரல வெச்சுப் பாத்தாத்தான் தெரியுது."

மழலை வகுப்புத் தாய் ஒருவர் எழுந்து, அரங்கத்தின் ஓரத்தில் விளையாடிக்கொண்டிருந்த தன் பெண்ணைப் போய்த் தூக்கிக்கொண்டார். தூக்கும் வயதைத் தாண்டிய பெண்.

"குண்டு உள்ள போறதுக்கு முன்னாடி நிக்கணும்னு ஆசப்பட்டேன்" என்றார் அக்கா. "நின்னேன். குண்டே நாந்தான்."

நான்கு பேரும் வேண்டாம், இருந்த இரண்டு பேரும் வேண்டாம் என்று ஓட்டெடுப்பில் துப்பாக்கி தோற்றது, மிகச் சில ஓட்டில். நான் பேசாமல் நின்றதுதான் என் வாழ்நாளின் சிறந்த பேச்சு என்று மனைவி சொன்னாள். கூட்டம் கலைந்தபோது அக்காவின் முன்னால் போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "சூப்புல உப்பு கொஞ்சம் கம்மிக்கா" என்றேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தது ஒரு வாரம்தான். இரண்டு தமிழர்கள் இருந்தால் இரண்டு சங்கம் என்பது தெரிந்த கதை. தலைவரும் அவரோடு ஒத்த குடும்பங்களும் பிரிந்து போய், கொஞ்ச தூரத்தில் ஒரு டேகேர் கட்டடத்தை எடுத்து, புதிய தமிழ்ப் பள்ளி தொடங்கினார்கள். பாடத்திட்டம் அதே. வாசலிலும் பின்கதவிலும் துப்பாக்கியோடு ஆசிரியர்கள். வேறு வித்தியாசம் எதுவும் கிடையாது. அங்கேயும் புரொஜெக்டர் ஆன் ஆகவில்லை என்று கேள்வி.

அடுத்த ஞாயிறு, மகளை எங்கள் பள்ளிக்குக் காரில் கூட்டிப் போனேன். பார்க்கிங்கில் நிறுத்தியதும் அவள் சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை.

"அப்பா, கேன் ஐ கோ டு தி அதர் ஒன்?"

"ஏன்டா? உன் ஃப்ரெண்டு அங்க போயிட்டாளா?"

தலையாட்டினாள், இல்லை என்று. "தே ஹேவ் கன்ஸ் தேர். இஃப் சம்படி கம்ஸ்."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். "கண்ணு, அன்னைக்கு வந்தது நான்தானே? அப்பாதானே வந்தேன்?"

"ஐ நோ. பட் வீ டிட்ன்ட் நோ இட் வாஸ் யூ."

சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தேன்.

அவள் விரலால் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண், எனக்குச் சரியாகப் புரிய வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, தமிழில் சொன்னாள். "நான் மனசுக்குள்ள சொன்னேன் அப்பா. அக்கா ஆன்ட்டி கன் எடுத்தப்போ. சுடு, சுடுன்னு சொன்னேன். அவங்க சுட்டாங்க."

முன்வாசலில் பிள்ளைகள் பையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

என் கதவைத் திறந்தேன். ஊன்றுகோலை எடுத்து, இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து பின்கதவைத் திறந்தேன். கம்பி வைத்த இடது கால் இன்னும் மடங்காது; ஓட்டும்போது சீட்டைப் பின்னால் தள்ளி நீட்டிக்கொள்வேன், பின்சீட்டில் அதற்கு இடமில்லை. அதை வெளியே நீட்டியபடி அவள் பக்கத்தில் எப்படியோ உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"நீ சொன்னது சரி" என்றேன். "முகம் தெரியாத ஒருத்தன் உன்னைப் பாத்துக் கத்தினான். நான் அங்க உன் பக்கத்துல நின்னிருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சத்தமாவே சொல்லியிருப்பேன்."

"ஈவன் இஃப் இட் வாஸ் யூ?"

"நானா இருந்தாலும்."

அவள் அழ ஆரம்பித்தாள், ஜனவரிக்குப் பிறகு முதல் முறையாக. திறந்த கதவு வழியாகக் காற்று அடித்தது. காலை உள்ளே இழுக்க முடியாததால் மூட வழியில்லை. வகுப்பு தொடங்கும் மணி அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை.